கோத்: முதல்ல பாட்டா, டிரெஸ்ஸா? வேலூர் வெயிலையும் கணக்குல வச்சு சொல்லுங்க

காட்பாடி_நிழல்

வணக்கம். காலேஜ்ல நாங்க நாலஞ்சு பேர் கோத் பக்கம் (இருண்ட சாயல் ராக் பாட்டு, கருப்பு உடை, கண் மைன்னு போற கூட்டம்) சாஞ்சிருக்கோம். எங்களுக்குள்ள ஒரு பஞ்சாயத்து தீரவே மாட்டேங்குது. இது பாட்டுல இருந்து வந்தது, பாட்டு கேக்காதவன் எவ்வளவு கருப்பு போட்டாலும் கோத் இல்லன்னு ஒரு கட்சி. ரோட்டுல போறவன் கண்ணுக்குத் தெரியறது டிரெஸ் மட்டும்தான், பாட்டு ஹெட்ஃபோனுக்குள்ளயே அடங்கிடுதுன்னு இன்னொரு கட்சி.

கையில இருக்கிறது 5000 ரூபாய். பூட்ஸ், சட்டை, மேக்கப்னு போடறதா, இல்ல நல்ல ஹெட்ஃபோன், செகண்ட் ஹேண்ட் பேஸ் கிட்டார்னு போறதா? மே மாசம் இங்க 40 டிகிரி சர்வசாதாரணமா தாண்டும், அதையும் மனசுல வச்சுக்குங்க. ரெண்டும் முக்கியம்னு பொதுவா சொல்லாம, எதை எப்படிச் செய்யணும்னு விவரமா சொன்னா புண்ணியமா போகும்.

பாலாறு_பேஸ்

பாட்டுதான் முதலில். பௌஹவுஸ் குழுவின் 'பேலா லுகோசிஸ் டெட்' 1979 ஆகஸ்டில் வந்தது. அதே ஆண்டு ஜாய் டிவிஷன் குழுவின் 'அன்னோன் ப்ளெஷர்ஸ்' ஆல்பம். 1981-ல் க்யூர் குழுவின் 'ஃபெய்த்', சூஸி அண்ட் த பான்ஷீஸ் குழுவின் 'ஜூஜூ' ஆல்பங்கள். இந்த உடையலங்காரத்துக்கு ஓர் இடம் கொடுத்த பேட்கேவ் கிளப் லண்டன் சோஹோவில் திறந்ததே 1982 ஜூலையில்தான். அதற்குள் இந்த ஒலி முழு வடிவம் எடுத்துவிட்டது.

ஆனால் "பாட்டு கேளுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவதில் பயனில்லை. காது எதைப் பிடிக்க வேண்டும் என்று தெரிய வேண்டும். முதலில் பேஸ். சாதாரண ராக் பாட்டில் அது அடியில் நின்று தாங்கும். இங்கே பல பாட்டுகளில் மெட்டே அதனுடையது. ஜாய் டிவிஷனின் பீட்டர் ஹூக் 12-வது ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) ஒட்டிய உயரமான சுரங்களில்தான் அதிகம் வாசித்தார். பேஸின் தடித்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ். ஃபோன் ஸ்பீக்கர் அதைத் தரவே தராது. மெல்லிய ஜி தந்தியின் 12-வது ஃப்ரெட் 196 ஹெர்ட்ஸ். அது ஃபோனில்கூட ஓரளவு கேட்கும். அதனால் ஃபோனில் கேட்டுவிட்டு "இந்தப் பாட்டில் ஒன்றுமே இல்லையே" என்று முடிவு கட்டாதீர்கள். பாதிப் பாட்டு உங்கள் காதுக்கு வந்தே சேரவில்லை. காதை முழுக்க மூடும் வயர் ஹெட்ஃபோன் போதும், ப்ளூடூத் தேவையில்லை.

அடுத்து டிரம். ஹை-ஹாட் என்ற தாளத் தட்டின் 'டிச் டிச்' பின்னுக்குப் போய், டாம்கள் என்ற முரசுகள் முன்னால் வந்து உருளும். 'ஜூஜூ'வில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். லீட்ஸ் நகர சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி, ஆள் வைத்து டிரம் அடிக்காமல் மெஷினை வைத்துக்கொண்டார்கள். அதற்கு டாக்டர் அவலாஞ்ச் என்று பெயர் சூட்டி உறுப்பினராகவே சேர்த்துக்கொண்டார்கள். அந்த மெஷின் அசையாமல் ஒரே கதியில் போவதுதான் பாடகர் ஆண்ட்ரூ எல்ட்ரிச்சின் அடிக்குரலுக்குத் தரை.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு வேலை சுலபம். மேற்கத்திய நேச்சுரல் மைனர் நம் நடபைரவியின் சுரங்கள். ஃப்ரிஜியன் என்பது தோடியின் சுரங்கள். கமகம் இல்லாமல், சுரத்தை நேராகப் பிடித்து, அதன் மேல் கோரஸ் எஃபெக்ட்டை (ஒரே ஒலியைப் பலர் வாசிப்பது போல் ஆக்குவது) போட்டால் அந்த ஈரமான ஒலி வந்துவிடும். கோரஸில் ரேட்டை (அலையும் வேகம்) குறைவாகவும் டெப்த்தை (அலையும் அளவு) பாதிக்கு மேலும் வையுங்கள். ரேட் ஏறினால் சுருதி ஆட ஆரம்பித்துவிடும், கேட்கச் சகிக்காது. எதிரொலி தரும் டிலே பெடல் இருந்தால் கோரஸுக்குப் பின்னால் மாட்டுங்கள்.

கார்முகில்_சத்துவாச்சாரி

பாலாறு அண்ணா, நீங்க போட்ட வரிசை 1979-ல ஆரம்பிக்குது. நான் மூணு வருஷம் பின்னாடி போறேன். 1976 செப்டம்பர்ல பான்ஷீஸ் பாடகி சூஸி லண்டன் 100 கிளப்ல மேடை ஏறினப்ப கையில ஒரு சொந்தப் பாட்டு கிடையாது, ஒத்திகை பார்த்த குழுவும் கிடையாது. ஆனா அவங்க உடையும் கண் மையும் அதுக்கு முன்னாடியே ஊர்ல பேச்சா இருந்தது. அந்த முகம்தான் பின்னாடி ஆயிரக்கணக்கான பேருக்கு அச்சு. உடை பாட்டுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு வந்ததுன்னு என்னால ஒத்துக்க முடியாது.

இன்னொண்ணும் இருக்கு. 2007 ஆகஸ்ட்ல இங்கிலாந்துல பேக்கப்னு ஒரு சின்ன ஊர். அங்க பூங்காவுல சோஃபி லங்காஸ்டர்ன்ற 20 வயசுப் பொண்ணை ஒரு கும்பல் அடிச்சதுல அவங்க செத்துப் போனாங்க. அவங்க கோத் உடையில இருந்ததுதான் காரணம். அவங்க என்ன பாட்டு கேக்குறாங்கன்னு அடிச்சவங்க கேக்கல. அதுக்கப்புறம் 2013-ல கிரேட்டர் மான்செஸ்டர் போலீஸ் இந்த மாதிரி தாக்குதல்களை வெறுப்புக் குற்றமா பதிவு பண்ண ஆரம்பிச்சாங்க. உடைக்கு விலை கொடுத்தவங்க இருக்காங்க, அதை மேல்பூச்சுன்னு தள்ளிடாதீங்க.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். வேலூர்ல வெறும் கருப்பு யாருக்கும் கோத்னு சொல்லாது. கார்த்திகை, மார்கழியில கருப்புச் சட்டை போட்டா "மாலை போட்டிருக்கீங்களா சாமி"ன்னுதான் கேப்பாங்க. மத்த மாசத்துல பெரியார் கட்சிக்காரர்னு நினைப்பாங்க. அதனால நிறத்தை நம்பாதீங்க, வடிவத்தையும் முகத்தையும் கவனிங்க. நீளக் கை வச்ச மெல்லிசு மல் துணி, கழுத்துல வெள்ளி நிறச் சங்கிலி, கண்ணு. இந்த மூணே போதும், வெயிலுக்கும் தாங்கும். சங்கிலி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல எடுங்க. முலாம் பூசின மலிவு நகை வேர்வையில சீக்கிரமே தேய்ஞ்சு, கழுத்துல பச்சைக் கறை விடும்.

முகத்துக்கு வெள்ளைப் பூச்சு வேண்டவே வேண்டாம். மாநிறத் தோல்ல அது வேர்வையோட கலந்து சாம்பல் பூத்த மாதிரி ஆயிடும். நம்ம நிறத்துக்குக் கருப்புக் கோடும், கத்திரிப்பூ இல்ல கருஞ்சிவப்பு லிப்ஸ்டிக்கும் எடுப்பா இருக்கும்.

கண் மை ஏன் வழியுதுன்னா, பென்சில் காஜல்ல இருக்குறது மெழுகும் எண்ணெயும். சூட்டுல இளகும், இமையோட சொந்த எண்ணெய் மிச்சத்தைக் கரைக்கும். முதல்ல இமையை டிஷ்யூவால ஒத்தி எண்ணெய் எடுங்க. மேக்கப் பிடிச்சு நிக்க அடியில பூசுற ப்ரைமர் பருப்பு அளவு. அது காய ஒரு நிமிஷம் விட்டு, டப்பாவுல வர்ற ஜெல் லைனரை பிரஷ்ல இழுங்க. அது ஈரமா இருக்கும்போதே கருப்பு ஐ ஷேடோ பவுடரை அதே கோட்டு மேல அழுத்தி ஒத்துங்க, தேய்க்காதீங்க. இந்த ஒத்தறதைத்தான் பலபேர் விட்டுடறாங்க, மதியத்துக்குள்ள கன்னத்துல இறங்கிடுது. கழட்டும்போது பஞ்சுல எண்ணெய் தொட்டு அரை நிமிஷம் கண்ணு மேல வச்சிருந்துட்டு வழிச்சு எடுங்க. லேபிள் இல்லாத காஜல் எதையும் கண்ணுல வைக்காதீங்க, சிலதுல ஈயம் இருக்கும்.

குடியாத்தம்_தறி

கருப்புத் துணி கடையில வாங்கினா நாலு துவையல்ல பழுப்படிச்சுப் போகும். 5000 ரூபாய்க்குள்ள முடிக்கணும்னா இருக்குற பழைய காட்டன் சட்டையை நீங்களே முக்கிக்கலாம். ரியாக்டிவ் டை வாங்குங்க. எல்லாத் துணிக்கும்னு விக்கிற பொட்டலத்துல பெரும்பாலும் டைரக்ட் டை கலந்திருக்கும், அது ஒவ்வொரு துவையலுக்கும் இறங்கிட்டே இருக்கும்.

ஒரு சட்டை சுமார் 250 கிராம்னு வச்சுக்குவோம். கருப்புக்குத் துணி எடையில 8 சதவீதம் சாயம் வேணும், அதாவது 20 கிராம். மத்த நிறத்துக்கு இதுல பாதிகூட வேண்டாம். கருப்புல கஞ்சத்தனம் பண்ணா சாம்பல்தான் வரும். தண்ணி 5 லிட்டர். உப்பு 400 கிராம். சோடா ஆஷ் 100 கிராம். சோடா ஆஷ் கிடைக்காம கட்டியா இருக்குற வாஷிங் சோடா வாங்கினா அதுல பாதிக்கு மேல தண்ணி, அதனால 270 கிராம் போடணும். ஆப்பச் சோடா உதவாது.

முதல்ல துணியைச் சுடுதண்ணி, சோப்புல அலசி கஞ்சிப் பசை போக்கணும். பசை இருந்தா அங்கங்க திட்டு விழும். சாயத்தைத் தனியா கரைச்சு, வடிகட்டி, வெதுவெதுப்பான தண்ணியில ஊத்தி, ஈரத் துணியைப் போடுங்க. உப்பை மூணு பங்கா பிரிச்சு பத்து பத்து நிமிஷ இடைவெளியில சேருங்க. மொத்தமா கொட்டினா சாயம் கிடைச்ச இடத்துல பாய்ஞ்சு ஒட்டிக்கும். உப்பு வேலை முடிஞ்சு அரை மணிக்கப்புறம்தான் சோடா. சோடா விழுந்ததும் சாயம் நூலோட பிணைய ஆரம்பிக்கும், முன்னாடியே போட்டா தண்ணியோடவே வினை முடிஞ்சு வீணாகும். இந்த ஊர்ல அதிகம் கிடைக்கிற பிளாக் பி வகைக்கு 60 டிகிரி சூடு வேணும், ஒரு மணி நேரம் கிளறிக்கிட்டே இருங்க. அப்புறம் பச்சைத் தண்ணியில அலசி, கொதிக்கிற சோப்புத் தண்ணியில 15 நிமிஷம். இந்தக் கடைசிக் கொதியை விட்டா, பிணையாத சாயம் வேர்வையில கழுத்துக்கு இறங்கும்.

நம்ம பக்கம் போர் தண்ணி உப்பும் சுண்ணாம்பும். சாயம் கரைக்கிற முதல் அரை லிட்டருக்காவது கேன் தண்ணி பயன்படுத்துங்க. எவர்சில்வர் பாத்திரம்தான், அலுமினியத்தை சோடா அரிச்சிடும். சாயம் முக்கின பாத்திரத்துல அப்புறம் சமைக்கக் கூடாது. பொடி அளக்கும்போது மாஸ்க், கையுறை கண்டிப்பா. பாலியஸ்டர் நூல்ல தைச்ச சட்டையா இருந்தா தையல் மட்டும் வெள்ளையாவே நிக்கும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது.

காட்பாடி_நிழல்

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. அப்ப பேஸ் கிட்டாரை விட்டுடலாமா? பூட்ஸுக்கு ஆம்பூர் போய் வரலாம்னு இருக்கோம், ரெக்ஸினைத் தோல்னு தள்ளிவிட்டா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பாலாறு_பேஸ்

5000-ல் பேஸ், ஆம்ப், பெடல் மூன்றும் வராது. பேஸ் மட்டும் வாங்கி ஆம்ப் இல்லாமல் வைத்திருந்தால் நாலாம் நாள் சுவரில் சாய்ந்துவிடும். இப்போதைக்கு ஹெட்ஃபோன் எடுங்கள். ஹைட்ரஜன் என்ற இலவச டிரம் மென்பொருளை லேப்டாப்பில் போட்டு, 16 கட்டத்தில் கிக் 1, 9. ஸ்னேர் 5, 13. ஃப்ளோர் டாம் ஒன்று விட்டு ஒன்று என்று வைத்து, நிமிடத்துக்கு 130 அடி வேகத்தில் ஓடவிடுங்கள். ஸ்னேருக்கு மட்டும் ரிவெர்ப் (பெரிய அறையில் அடித்தது போன்ற முழக்கம்). யாரிடமாவது பேஸ் இருந்தால் வெறும் டி தந்தியை ஒலிக்கவிட்டு, பக்கத்து ஜி தந்தியில் மெட்டு வாசிக்கப் பழகலாம்.

பிறகு பழைய பேஸ் வாங்கும்போது முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் சேர்த்து அழுத்தி, நடுவில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு சரி. விரலே நுழைந்தால் கழுத்து வளைந்துவிட்டது, வேண்டாம்.

கார்முகில் சொன்ன 1976 உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இரவு சூஸி போட்டிருந்தது பங்க் உடை. அதைக் கோத் என்று நாம் பின்னோக்கிப் பார்ப்பதே 'ஜூஜூ' மாதிரி ஆல்பங்களைக் கேட்ட காதோடுதான்.

கார்முகில்_சத்துவாச்சாரி

அண்ணா, காதோட கேட்டவங்க அந்த மேடைக்கு வந்ததே கண்ணால பார்த்துதான். 2022-ல 'வெட்னஸ்டே' தொடர்ல வந்த நடனத்தை அமைச்ச நடிகை ஜென்னா ஓர்டேகா, சூஸியையும் பழைய கோத் கிளப் ஆட்டங்களையும் பார்த்துத்தான் அசைவுகளை எடுத்தேன்னு சொன்னாங்க. ஆனா அங்க ஓடின 'கூ கூ மக்' கோத் பாட்டில்ல, க்ராம்ப்ஸ் குழுவோட சைக்கோபில்லி (பங்க்கும் பழைய ராக்கபில்லியும் கலந்தது). பாட்டு வேற, உடம்பு மொழி கோத். அதைப் பார்த்து எத்தனையோ பேர் பான்ஷீஸ் பக்கம் வந்தாங்க. வாசல் எதுவா இருந்தா என்ன?

ஆம்பூர்_தோல்

தம்பி, வெட்டு ஓரத்தைப் பாரு. நாக்குப் பகுதியோ லேஸ் ஓட்டையோ மடிக்காம விட்ட இடம் ஒண்ணாவது இருக்கும். நார் நாரா இருந்தா தோல். நெய்த துணி அடியில தெரிஞ்சா ரெக்ஸின். அது நம்ம சூட்டுலயும் வேர்வையிலயும் ரெண்டு மூணு வருஷத்துல செதில் செதிலா உரியும், ஒட்டவும் முடியாது. ஓரம் முழுக்க மடிச்சுத் தைச்சிருந்தா விரலால அழுத்திப் பாரு. தோல்ல ஒழுங்கில்லாத நுண் சுருக்கம் விழும், ரெக்ஸின் ஒரே மாதிரி குழியும்.

முழங்கால் வரைக்கும் வர்றது வேண்டாம், கணுக்கால் உயரம் போதும். உள் லைனிங்கும் தோலா இருக்கணும், நுரை வச்ச சிந்தெட்டிக் லைனிங் வேர்வையை உறிஞ்சாது. சோல் வெறும் பசையில ஒட்டினதா, தையலும் இருக்கான்னு பாத்துக்க, மே மாசத் தார் ரோட்டுல பசை இளகும். சாயங்காலம் போய் போட்டுப் பாரு, அப்பதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

குடியாத்தம்_தறி

ஒண்ணு விட்டுட்டேன். சாயத் தண்ணியை ஏரியிலயோ கால்வாய்லயோ ஊத்தாதீங்க. தோல் கழிவு பாலாற்றை என்ன பண்ணுச்சுன்னு 1996-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்ன வழக்கு நம்ம மாவட்டத்தோடது. நாலஞ்சு சட்டையைச் சேர்த்து ஒரே தடவையில முக்குங்க, நேரம் மிச்சம். அஞ்சு சட்டைன்னா எல்லா அளவையும் அஞ்சால பெருக்கிக்குங்க, நேரம் அதே ஒரு மணிதான். மிச்சத் தண்ணியைப் பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்குற பாத்ரூம்ல, நிறைய தண்ணி விட்டு ஊத்துங்க. முதல் மூணு துவையல் தனியா, உள்பக்கம் வெளியே திருப்பி, நிழல்ல காயப் போடுங்க.