ராயபுரம் வூட்டு குரூப்: டைடி அப்

ராயபுரம் அத்தை: கல்பனா, இருக்கியா? வேலைக்குப் போற வூட்டம்மா காலைல வெளிய கெளம்பறப்ப ஹாலை டைடி அப் பண்ணுன்னாங்க. பெருக்கி, ரெண்டு தரம் தொடச்சேன். அவங்க பொருள நாம தொடக்கூடாதுன்னு பேப்பரு, பொம்மை எல்லாத்தையும் அப்படியே வுட்டுட்டு சுத்திச் சுத்தித் தொடச்சேன். வந்து பாத்துட்டு, சொன்ன வேலைய செய்யவே இல்லையேன்றாங்க. மனசே ஆறல.

கல்பனா: அய்யோ அத்தை. அழுக்கை எடுக்கறது க்ளீன் அப். டைடி அப்ன்னா கலைஞ்சு கெடக்கறத எடுத்து அதது எடத்துல வைக்கறது. துடைப்பமே வேணாம்.

ராயபுரம் அத்தை: ஒதுங்க வைக்கறதுன்னு சொல்லு!

கல்பனா: அதேதான்! டியூஷன்ல இத்தன நாளா "சுத்தம் செய்"னுதான் எழுதிப் போட்டேன். நாளைக்கே மாத்தணும்.

ராயபுரம் அத்தை: உங்க ஆயா வெளக்கு வெச்சதும் அதத்தான் சொல்லும். ஒரே ரூம்ல ஏழு பேரு. ஒதுங்க வைக்கலன்னா பாய் போட எடம் ஏது?

காசிமேடு சித்தப்பா: போட்லயும் அப்படித்தான் அக்கா. கயித்த சுருட்டி வெச்சாதான் இருட்டுல காலு மாட்டாது. செதிலு கழுவி வுடறது தனி வேலை.

தம்பி: அக்கா, மிஸ் என் கட்டுரைல "டைடி இட் அப்"னு எழுதிருக்காங்க. "டைடி அப் இட்"னு தான வரணும்?

கல்பனா: இல்லடா, மிஸ் எழுதினதுதான் சரி. "இட்", "தெம்" வந்தா நடுவுலதான் நிக்கும். பொருளோட பேர் வந்தா ரெண்டு மாதிரியும் சொல்லலாம்: டைடி அப் த ரூம், டைடி த ரூம் அப். கட்டுரைய புதுசா எழுதாத. அடிச்சுத் திருத்தினத எடுத்துட்டு, வரிய ஒழுங்கு பண்ணு, போதும்.

கல்பனா: சித்தப்பா, கடல் ஏத்தம் வத்தத்துக்கு இங்கிலீஷ்ல டைடுன்னு சொல்றாங்கல்ல, டைடியும் அதே வேர்தான். பழைய இங்கிலீஷ்ல டைடுக்கு நேரம்னு அர்த்தம். டைடின்னா மொதல்ல காலத்துக்கு ஏத்ததுன்னுதான் இருந்துச்சு, ஒழுங்குன்றது அப்புறம் வந்தது.

காசிமேடு சித்தப்பா: ஏத்தம் வத்தம் பாத்துதானே நாங்க நேரமே சொல்றோம்.

ராயபுரம் அத்தை: நாளைக்கு அவங்க கிட்ட இன்னா கேக்கட்டும் கண்ணு?

கல்பனா: டைடி அப் மட்டுமா, க்ளீன் அப்பும் சேத்தான்னு கேளுங்க. எதெது எங்க வைக்கணும்னு ஒரு தடவ காட்டச் சொல்லுங்க. சேத்துன்னா அது ரெண்டு வேலை அத்தை, சம்பளத்தையும் பேசிடுங்க.

ராயபுரம் அத்தை: பேசறேன்.