மலைக்குளிரில் ஹாம்ஸ்டரை வெளியே வைக்கலாமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

உதகை, காந்தள்

கோயம்புத்தூரில் ஹாம்ஸ்டர், அதாவது எலி மாதிரி இருக்கும் சின்ன வளர்ப்புப் பிராணி, வாங்கிக்கொண்டு மேலே வருகிறவர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: "கீழே வெயிலில்தான் அது செத்துப்போகும், இங்கே ஜில்லுனுதானே இருக்கு, கூண்டை வராந்தாவிலேயே வைக்கலாமில்ல?" வைக்காதீர்கள். கீழே இருக்கும் வெயில் ஹாம்ஸ்டருக்கு ஆகாது என்பது உண்மைதான். அதற்காக நம் ஊர் இரவுக் குளிர் அதற்கு ஒத்துக்கொள்ளும் என்று அர்த்தமில்லை.

மார்கழியில் பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நீர்ப்பனி முடிந்து உறைபனி விழ ஆரம்பித்திருந்த சமயம். பகலில் ஸ்வெட்டர் வேண்டாம் என்கிற அளவுக்கு வெயில். விடிந்து பார்த்தால் புல்தரையெல்லாம் வெள்ளை. பின்வராந்தாவில் இருந்த சிரியன் ஹாம்ஸ்டர் சுருண்டு கிடந்தது, தொட்டால் சில்லென்று இருந்தது. அந்த வீட்டுத் தாத்தா ரோஜாச் செடிப் பக்கம் குழியே தோண்டிவிட்டார். பையன் அழுகிறான். நான் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து விலாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரத்துக்கு அப்புறம் ஒரு மூச்சு விட்டது.

அது சாகவில்லை, குளிர்த்தூக்கத்தில் இருந்தது. சுற்றுப்புறம் ஏறக்குறைய 5 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது, கூடவே இரையும் பகல் வெளிச்சமும் குறைந்துபோனால், ஹாம்ஸ்டரின் உடம்பு தன் சூட்டைக் கைவிட்டுவிடும். இதயத் துடிப்பும் மூச்சும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மந்தமாகும். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டோம், அறையை மெல்லச் சூடாக்கினோம். ஹீட்டருக்கு நேரே காட்டவில்லை, வெந்நீர்ப் பக்கமே போகவில்லை. மதியம்தான் கண் திறந்தது. நன்றாக விழித்த பிறகே சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு கொடுத்தோம். தூங்கும்போது வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பிறகு கால்நடை டாக்டரிடம் காட்டினார்கள். பிழைத்துக்கொண்டது. உங்கள் வீட்டில் இப்படி நடந்தால், வெதுவெதுப்பான அறையில் சில மணி நேரமாவது வைத்துப் பார்க்காமல் தயவுசெய்து புதைத்துவிடாதீர்கள்.

"சிரியாவிலும் பனி உண்டே, அங்கே எப்படிப் பிழைக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு: 1930ல் அலெப்போ பக்கம் ஒரு வயலில் இஸ்ரேல் அகரோனி என்ற விலங்கியலாளர் தாயும் குட்டிகளுமாகத் தோண்டி எடுத்ததன் வாரிசுகள்தான் இன்று வீடுகளில் வளர்கிற சிரியன் ஹாம்ஸ்டர்கள், ஏறக்குறைய எல்லாமே. அங்கே அதன் வளை இரண்டடி ஆழத்துக்குப் போகும். உள்ளே தானியம் சேர்த்து வைத்திருக்கும். மேலே உறைந்தாலும் அந்த ஆழத்தில் மண் அவ்வளவு குளிராது. வராந்தாக் கூண்டில் இருப்பதோ நாலு விரல் மரச்சீவல். அந்த மண் இல்லாமல் அதன் ரோமத்தை மட்டும் நம்பி விடுவது பாவம்.

கோத்தகிரி

காந்தள் அக்கா குளிரைச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் வேறு கவலை. தோட்டத்தை ஒட்டிய வீட்டில் என் தங்கை ஹாம்ஸ்டர் கூண்டைத் தகரக் கொட்டகையில் வைத்திருந்தாள், சுற்றிலும் கோழிவலை. ஒரு நாள் காலை கூண்டுக்குள் சாரைப்பாம்பு. மெலிசாக உள்ளே போனது, விழுங்கிய பிறகு வயிறு புடைத்து வெளியே வர முடியவில்லை. குழந்தைகள் அதைப் பார்த்துவிட்டார்கள். கொட்டகைப் பக்கம் போகவே நாளாயிற்று.

கோழிவலை கோழிக்குத்தான். அந்தக் கண்ணியில் சின்ன ஹாம்ஸ்டரே நுழைந்து வெளியே போய்விடும். பாம்பு, பெருச்சாளி, கீரி, காட்டுப்பூனை எல்லாம் இருக்கிற ஊர் இது. அரை இஞ்சுக்கும் குறைந்த கண்ணியுள்ள கம்பிவலை போட்டாலும் இன்னொன்று இருக்கிறது. சூரியகாந்தி விதை, வேர்க்கடலை வாசனைக்குக் கரடி வரும். எண்ணெய்க்கும் பருப்புக்கும் கதவை உடைக்கிற கரடிக்கு ஒரு கூண்டு எம்மாத்திரம்? அப்புறம், எதுவும் தொடாவிட்டாலும், இரவெல்லாம் ஏதோ ஒன்று சுற்றிச் சுற்றி மோப்பம் பிடித்தால் அந்தச் சின்ன உயிர் பயத்தில் எப்படிச் சாப்பிடும்?

கொடைக்கானல், மன்னவனூர் பக்கம்

முயலையும் ஹாம்ஸ்டரையும் ஒன்றாகப் பேசாதீர்கள். எங்கள் ஊரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அங்கே முயலும் உண்டு. பார்த்துவிட்டு வருகிறவர்கள் "முயல் இந்தக் குளிரைத் தாங்கும்போது எலி மாதிரி இருப்பது தாங்காதா?" என்கிறார்கள். முயல் பெரிய உடம்பு, வெயில்தான் அதற்கு எமன். காற்றுக்கு முதுகு காட்டிய, ஒழுகாத, தரையிலிருந்து உயர்த்திய கூடு இருந்தால் இங்கே நன்றாக இருக்கும். நாங்களும் அப்படித்தான் வளர்க்கிறோம்.

ஹாம்ஸ்டர் சின்ன உடம்பு, சூடு சீக்கிரம் போய்விடும். அதைவிட எனக்குப் பயம் ஈரம்தான். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வருகிற ஊரில் வெளியே வைத்த மரச்சீவல் காயவே காயாது. நனைந்த படுக்கையில் பூஞ்சை பிடிக்கும், மூத்திர நெடி ஏறும், அப்புறம் தும்மல், நெஞ்சுச் சளி. படுக்கை குறைகிறதே என்று பக்கத்துக் காட்டின் பைன் சீவலையோ தைல மர இலையையோ போடாதீர்கள். அந்த நெடி மூச்சுக்கு ஆகாது.

குன்னூர்

குட்டை இனம், அதாவது ட்வார்ஃப், பற்றி யாரும் எழுதவில்லை. "அது சைபீரியாவிலிருந்து வந்தது, இதெல்லாம் அதற்குக் குளிரே இல்லை" என்று கடையில் சொல்லித்தான் எங்களுக்குக் கொடுத்தார்கள். விண்டர் ஒயிட் என்ற இனத்தின் ஊர் சைபீரியா, கசகஸ்தான் பக்கம் என்பது சரி. ஆனால் அதுவும் அங்கே வளைக்குள்தான் வாழ்கிறது. கூண்டில் பிறந்து கடைக்கு வந்தது அந்தக் குளிரைப் பார்த்ததே இல்லை.

எங்கள் வீட்டில் உள்சுவரை ஒட்டி, ஜன்னலுக்கும் அடுப்புக்கும் தள்ளி வைத்திருக்கிறோம். கூண்டுப் பக்கத்தில் ஒரு சின்ன வெப்பமானி. 18க்கும் 24க்கும் நடுவில் நின்றால் நிம்மதி. குறைந்தால் சீவலை ஒரு சாண் உயரத்துக்கு ஏற்றிவிடுவோம், அதுவே குடைந்து உள்ளே போய்க்கொள்ளும். கரி அடுப்பை மட்டும் மூடிய அறையில் வைக்காதீர்கள், அந்தப் புகை ஹாம்ஸ்டரோடு உங்களையும் கொண்டுபோய்விடும். வெயில் காட்ட வேண்டும் என்று வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். அது இரவில் ஓடியாடுகிற பிராணி, பகலில் தூங்கட்டும்.