வயிற்றுக்கும் அவசரபுத்திக்கும் தொடர்பு: உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பார்த்திருக்கிறீர்களா?

செங்காங் மகள்

அப்பாவுக்குச் சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருங்கும் நோய், இருப்பது ஏற்கெனவே தெரியும். குடிக்காத மனிதர், சர்க்கரையும் கொழுப்புக் கல்லீரலும் சேர்ந்து அங்கே கொண்டுபோய் விட்டது. ஈரச்சந்தையில் பத்துக் காசுக்குப் பேரம் பேசுகிறவர், ஒரு வியாழக்கிழமை காலையில் டோட்டோ லாட்டரியில் பன்னிரண்டு எண்களைச் சேர்த்துக் கட்டும் சிஸ்டம் 12 கட்டிவிட்டார். கட்டுகிறவர்களுக்குத் தெரியும், 924 வெள்ளி. கடைக்காரப் பெண் "அங்கிள், ஷுவரா?" என்று திருப்பிக் கேட்டதற்கு அவளைத் திட்டினார். அப்புறம் ஐம்பது வெள்ளித் தாள்களை எச்சில் தொட்டு ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார், முகத்தில் ஒரு தயக்கமும் இல்லை. அந்த முகம் இன்றும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

அன்று சாயங்காலமே மின்தூக்கியில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பையிலிருந்து பழத்தை எடுத்துத் தின்ன ஆரம்பித்தார். மறதி நோய் வந்துவிட்டது என்று அம்மா ஒரே அழுகை. மருத்துவமனையில் அந்த இளம் டாக்டர் எடுத்த எடுப்பில் கேட்டது, "அங்கிள் கடைசியாக எப்போது வெளிக்குப் போனார்?" அடுத்து இரண்டு கைகளையும் நீட்டி, போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவதுபோல் மணிக்கட்டை மேலே மடக்கிப் பிடிக்கச் சொன்னார். அப்பாவின் கைகள் பிடித்த இடத்தில் நிற்கவில்லை, சட்டென்று தொய்ந்து விழுவதும் எழுவதுமாக இருந்தன.

குடலில் இருக்கும் பாக்டீரியா புரதத்தைச் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறதாம். நல்ல கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிவிடும், சுருங்கிய கல்லீரலால் முடியாது. மலச்சிக்கலும் சேர்ந்தால் அந்த அம்மோனியா ரத்தத்தில் ஏறி மூளையைப் பிடிக்கும், அதற்கு ஹெப்பாட்டிக் என்செபலோபதி என்று பெயர். லாக்டுலோஸ் சிரப் கொடுத்து வயிறு நன்றாகப் போன பிறகு அப்பா எழுந்து உட்கார்ந்து, "என் பையில் இந்தச் சீட்டை யார் வைத்தது?" என்று கேட்டார். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பிடோக் மாப்பிள்ளை

சகோதரி, உங்கள் அப்பா விஷயம் டாக்டரே சொன்னது, அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லோரும் வயிற்றைக் குறைசொல்லக் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என் அத்தைக்குப் பார்க்கின்சன். நடு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் சமையலறையில் விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்து, கைபேசியில் நேரலை விற்பனை பார்த்துக்கொண்டு நடுங்குகிற விரலால் தட்டிக்கொண்டிருக்கிறார். மறுவாரம் வாசலில் காலணி அலமாரி உயரத்துக்குப் பெட்டிகள், பிரித்தால் எல்லாம் ஒரே மாதிரி இட்லிப் பானை. காரணம் பார்க்கின்சனுக்குக் கொடுத்த பிரமிபெக்சோல் மாத்திரை. மூளையில் சுரக்கும் டோபமைனைப் போல வேலை செய்யும் இந்த வகை மருந்துகள் சிலரைச் சூதாட்டத்திலும் கண்மண் தெரியாமல் வாங்குவதிலும் இழுத்துவிடும் என்பது மருத்துவர்களுக்கு நன்றாகவே தெரிந்த பக்கவிளைவு. அளவைப் படிப்படியாகக் குறைத்ததும் அடங்கியது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இன்னும் மோசம். முதலில் மாத்திரை டப்பாவைப் பாருங்கள், வயிறு அப்புறம்.

யீஷூன் டீச்சர்

தம்பி, வயிறு அப்புறம் என்று அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. உங்கள் அத்தை பார்க்கின்சனுக்கே கொடுக்கும் லெவோடோபாவும் சாப்பிடுவாராக இருக்கும். அந்த மருந்து மூளைக்குப் போய்ச் சேரும் முன்பே குடலில் உள்ள என்டெரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் என்ற பாக்டீரியா அதைச் சிதைக்க முடியும் என்று 2019-இலேயே காட்டியிருக்கிறார்கள்.

என் அம்மா தாதிமை இல்லத்தில் இருந்தபோது பக்கத்துக் கட்டில் பாட்டியின் மைலோவைப் பிடுங்கிக் குடித்ததை நேரில் பார்த்தேன். பிறத்தியார் வீட்டில் தண்ணீர்கூடக் கேட்டுக் குடிக்கத் தயங்குகிறவர்.

அதன் பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். அயர்லாந்தில் முதியவர்கள் 178 பேரை ஆராய்ந்து 2012-இல் எழுதினார்கள்: வீட்டில் இருப்பவர்களைவிட, பராமரிப்பு இல்லத்தில் நெடுநாள் இருப்பவர்களின் குடல் பாக்டீரியாவில் வகைகள் குறைவு, அது சாப்பாட்டோடும் உடல் தளர்ச்சியோடும் ஒத்துப்போனது. 2024-இல் பாரிசில் 101 பேரை வைத்து ஓர் ஆய்வு. ஒரு பகுதியினருக்கு 7 வாரம் நல்ல பாக்டீரியாவும் அதற்கு உணவான நார்ச்சத்தும் கொடுத்துப் பணம் பங்கிடும் ஒரு விளையாட்டை ஆடவிட்டார்கள். அவர்கள், கைக்கு வரும் காசு போனாலும் பரவாயில்லை என்று நியாயமில்லாத பங்கை அதிகமாக மறுத்தார்கள். அவர்கள் முதியவர்கள் இல்லைதான், ஆனாலும் முடிவெடுப்பதில் வயிற்றுக்குப் பங்கு இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அதனால் சொல்கிறேன், பெரியவர்களுக்கு வெள்ளை ரொட்டியும் பிஸ்கட்டுமே கொடுத்து நாளை ஓட்டாதீர்கள். கீரை, அவரை, பயறு, தயிர், தெம்பே, பழைய சோறு எல்லாம் கொடுங்கள். நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தண்ணீரையும் சேர்த்துக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் வயிறு உப்பிப் படுத்திவிடும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

தோ பாயோ தாதி

டீச்சர், நீங்கள் அக்கறையோடு சொல்கிறீர்கள், ஆனால் இந்த இழையைத் தொடங்கியவரின் அப்பாவுக்குச் சிரோசிஸ். அறை வெப்பத்தில் இரவெல்லாம் வைத்த சோறு அவருக்கு வேண்டாம், கிருமித் தொற்று அவர்களைச் சீக்கிரம் சாய்த்துவிடும். இன்னொன்று, அம்மோனியா என்றதும் பருப்பையும் முட்டையையும் நிறுத்துகிற குடும்பங்களை வார்டில் நிறையப் பார்க்கிறேன். நிறுத்தாதீர்கள். தசையும் அம்மோனியாவை வாங்கிக்கொள்ளும், புரதத்தை நிறுத்தினால் அந்தத் தசை கரைந்துபோகும்.

எனக்கு மறக்காதது ஒரு தாத்தா. சாதுவானவர், ஒரு நாள் ராத்திரி டிரிப்பைப் பிடுங்கி ரத்தம் சொட்டச் சொட்ட "தேக்காவுக்குப் போகணும், கடை திறக்கணும்" என்று நடந்து வந்தார். அவருக்குச் சிறுநீர்த் தொற்று, வயிறும் பல நாளாகக் கட்டியிருந்தது. இரண்டையும் சரிசெய்ததும் பழைய மனிதராகிவிட்டார். ஓரிரு நாளில் ஆள் மாறினால் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மாதக்கணக்கில் மெல்ல மாறினால் பலதுறை மருந்தகத்தில் சொல்லி நினைவாற்றல் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

செங்காங் மகள்

நன்றி அக்கா. முட்டையை அம்மா நிறுத்தித்தான் வைத்திருந்தார், நாளைக் காலையிலிருந்து திரும்பவும் கொடுக்கச் சொல்கிறேன். லாக்டுலோஸைப் பொறுத்தவரை, தினமும் இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போக வேண்டும் என்றார்கள். ஆனால் அந்தத் தித்திப்பு அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, வாயில் வைத்து அப்படியே சிங்க்கில் துப்பிவிடுகிறார். தண்ணீரில் கலக்கலாமா, குளிரவைத்துக் கொடுக்கலாமா? கொடுத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.