புதுப்பிப்பு: ஏற்றத்தில் எஞ்சின் தட்டும் சத்தம், காரணம் தெரிந்தது
எங்கள் பழைய பெட்ரோல் கார் ஏற்காடு மலைப்பாதையில் மூன்றாம் கியரில் ஏறும்போது சில்லறைக் காசு குலுங்குவதுபோல் தட்டுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். கனெக்டிங் ராடு பேரிங் (பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்டுடன் இணைக்கும் தண்டின் தாங்கி) தேய்ந்திருக்குமோ என்று சிலர் அஞ்சினீர்கள். நல்லவேளையாக அது இல்லை. பேரிங் தட்டினால் ஒலி கனமாக இருக்கும், அந்தச் சிலிண்டரின் பற்றவைப்பைத் துண்டித்தால் குறையும். இங்கோ எஞ்சின் நன்கு சூடாகிச் சுமையும் ஏறியபோதுதான் சத்தம் வந்தது. ஆக்டேன் எண் (தானாகத் தீப்பிடிக்காமல் தாங்கும் திறனின் அளவு) கூடிய பெட்ரோல் நிரப்பியதும் தணிந்தது. எனவே, பிளக் பற்றவைத்த சுடர் முழுதும் பரவுமுன் மிஞ்சிய கலவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானாக எரிகிறது என்று மெக்கானிக் கணித்தார்.

பிளக் துளை வழியே சிறு கேமராவைச் செலுத்தியபோது பிஸ்டன் தலையில் கரி தடிமனாகப் படிந்திருந்தது. அதற்கும் மூலம், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மீண்டும் எரிக்க அனுப்பும் பி.சி.வி. வால்வு: அது திறந்தபடியே சிக்கிக்கொண்டதால் ஆயில் ஆவி, காற்று நுழையும் இன்டேக்குக்குள் அளவுக்கு மீறி இழுக்கப்பட்டது. ஆயில் கலந்தால் கலவையின் ஆக்டேன் திறன் குறையும். கரி இடத்தை அடைத்துக்கொண்டால் அழுத்த விகிதம் கூடும். இரண்டாலும் கலவை தானாக எரிவது எளிதாகும். கரியை மட்டும் நீக்கியிருந்தால் சத்தம் மீண்டும் வந்திருக்கும் என்பதே என் உறுதியான கருத்து.

வால்வையும் பிளக்குகளையும் மாற்றி, கரியை நீக்கினோம். தட்டும் அதிர்வை உணரும் நாக் சென்சாரின் போல்ட் தளர்ந்திருந்ததால், தட்டலைத் தணிக்கப் பற்றவைப்பைச் சற்றுத் தாமதப்படுத்த வேண்டிய கணினிக்கு அதிர்வு சரியாக எட்டவில்லை. அந்தப் போல்ட்டை மெக்கானிக், முறுக்கு விசையை அளந்து முறுக்கும் டார்க் ரென்ச்சால் 20 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினார். இப்போது சாதாரண பெட்ரோலிலேயே அதே ஏற்றத்தில் கார் சத்தமின்றி ஏறுகிறது.