பத்திரம் எல்லாம் சரி, மனசுதான் ஒப்ப மாட்டேங்கு

ஆத்தங்கரைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலில தாமிரபரணி ஆத்தோரம் இருக்க சிந்துபூந்துறைல ஒரு பழைய வீடு வெலைக்கு வந்துருக்கு, வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சு, பத்திரம் பட்டா எல்லாம் வக்கீல் சரின்னுட்டாரு, வெலையும் கைக்கு அடங்குது. எங்க வீட்டுக்காரர் அட்வான்ஸ் குடுத்துரலாம்னு ஒத்தக்கால்ல நிக்காரு. எனக்குத்தான் ரெண்டு தடவ போயும் அந்த முன் ரூம்ல நிக்கும்போது வயித்தக் கலக்குது. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல. விக்கிறவரு முகம் குடுத்தே பேச மாட்டேங்காரு, அதுவா இருக்குமோ? மாமியார் கோயில்ல பூ போட்டுப் பாப்போம்ங்காக. உள்மனசு சொல்லுதத எவ்வளவு தூரம் நம்பலாம்?

சந்தைக்காரன்:
அக்கா, நான் மேலப்பாளையம் சந்தைல இருபது வருசமா ஆடு வாங்கி விக்கேன். செவ்வாக்கெழம கூட்டத்துல ஒரு ஆட்டப் பாத்த ஒடனே இது வேண்டாம்னு தோணிரும், கூட வந்தவன் ஏன்னு கேப்பான், என்ட்ட பதில் இருக்காது. அப்புறம் நின்னு பாத்தா மூக்கு காஞ்சிருக்கும், இல்லன்னா ஒரு கால அழுத்தி ஊனாது. கண்ணு முதல்ல பாத்துருச்சு, வாய்க்கு வர நேரமாவுது, அவ்வளவுதான். ஆனா அது சும்மா வரல. ஆரம்பத்துல தப்பா வாங்குன ஆடு நாலு நாள்ல படுத்துரும், கைக்காசு போவும், அடுத்த வாரம் கண்ணு தானா அதத் தேடும். இதே மாடு வாங்கப் போனா என் மனசு சொல்லுதத நானே நம்ப மாட்டேன், தெரிஞ்ச ஆளக் கூட்டிட்டுத்தான் போவேன்.

பாளை வாத்தியார்:
தம்பி சொன்னத ஆராய்ச்சி பண்ணவங்களும் சொல்லிருக்காங்க. கேரி க்ளைன்னு அமெரிக்கால ஒருத்தர், தீயணைப்பு வீரர்கள்ட்ட நெறைய பேசுனவரு. ஒரு அதிகாரி சமையல்கட்டுத் தீய அணைச்சிட்டு இருக்கயில என்னமோ சரியில்லன்னு எல்லாரையும் வெளிய வரச்சொல்லிருக்காரு, வந்த கொஞ்ச நேரத்துல தரையே உள்ள எறங்கிருச்சு, நெருப்பு அடியில நிலவறைல எரிஞ்சிருக்கு. 2002ல பொருளாதார நோபல் வாங்குன டேனியல் கானமன் இந்த மாதிரி உள்ளுணர்வ ரொம்ப சந்தேகப்பட்டவரு. ரெண்டு பேரும் 2009ல சேந்து எழுதுன கட்டுரைல ஒத்துப்போனது என்னன்னா, அந்த வேலைல ஒரு ஒழுங்கு இருக்கணும், செஞ்சது சரியா தப்பான்னு திரும்பத் திரும்பத் தெரிஞ்சு பழகிருக்கணும், அப்பத்தான் நம்பலாம். முகம் குடுத்துப் பேசலங்கறத வச்சி ஆள எடை போடாதீங்கம்மா. அப்படி நான் திருடன்னு நெனச்ச பையன் ஒருத்தன் இன்னும் என் மனச அறுக்கான். ஆனா வயித்தக் கலக்குனத ஒதுக்கவும் வேண்டாம், அதே எடத்துல திரும்பப் போய் நில்லுங்க.

மதினி:
2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துல அங்க தண்ணி எவ்வளவு ஏறுச்சுன்னு பக்கத்து வீட்டுல கேளுங்க தாயி.

ஆத்தங்கரைக்காரி:
போயிட்டு வந்தேன். அதே முன் ரூம்ல நின்னு பாத்தா சுவிட்ச் போர்டு எல்லாம் என் தலைக்கு மேல இருக்கு. நெஞ்சு உயரம் வரைக்கும் புதுப்பூச்சு, அதுக்கு மேல பழைய சுவரு, ஒரே பெயிண்டா அடிச்சதால கைய வச்சாத்தான் தெரியுது. பெறகு அந்த வாசம், எங்க அம்மா வீட்டுல வெள்ளம் வடிஞ்ச பெறகு எத்தன தடவ கழுவியும் மாசக்கணக்கா போவாத அதே சேத்து வாசம். மூக்குக்கு ஞாபகம் இருந்துருக்கு, எனக்குத்தான் இல்ல. விக்கிறவருட்ட கேட்டேன், ஒளிக்கல, அவக அம்மா அன்னைக்கு அந்த ரூம்லதான் இருந்தாகளாம், சொல்லும்போதே கண்ணு கலங்கிட்டு. அவரப் போயி சந்தேகப்பட்டுட்டேனேன்னு இருக்கு. வீட்டுக்காரர்ட்டயும் அந்த சுவர தொட்டுப் பாக்கச் சொன்னேன், ஒண்ணும் பேசல, வெளிய வந்து மேட்டுப்பக்கமாவே பாப்போம்ன்னுட்டாரு.