மில் மோட்டர் பெயாரிங் ஏன் திரும்பத் திரும்பப் போகுது?

கொக்கட்டிச்சோலைக்காரன்:
எங்கட நெல் மில்லில 15 குதிரைவலு மோட்டர். இந்தப் பெரும்போகத்துக்குள்ள மட்டும் பெல்ட் பக்கத்துப் பெயாரிங் மூண்டு தரம் போயிட்டு. புதுசு போட்டா மூண்டு கிழமைதான், பிறகு கரகரப்பு, சூடு. போலிச் சாமான் எண்டு கடைக்காரரோட சண்டையும் பிடிச்சிட்டன். ஆக்கள் நெல்லோட வாசல்ல நிக்காங்க.

சம்மாந்துறை:
பெல்ட்டைக் கூட இறுக்கியிருப்பீங்க. பாரம் முழுக்க அந்தப் பெயாரிங்கிலதான் விழும்.

களுவாஞ்சிகுடி வேர்க்ஷொப்:
தம்பி, கழட்டினத எறிஞ்சிராதீங்க, அதுதான் சாட்சி. வளையத்த வெட்டி, மண்ணெண்ணெயில கழுவி, வெயில்ல சரிச்சுப் பாருங்க. குண்டு ஓடுற தடத்தின்ட ஒரு ஓரத்தில, குண்டுக்குக் குண்டு சம இடைவெளியில பள்ளம் தெரிஞ்சா, போடக்குள்ள சுத்தியலடி வெளி வளையத்தில விழுந்திருக்கு. மோட்டர்ட தண்டில ஏத்தக்குள்ள உள் வளையத்திலதான் பலம் குடுக்கணும். பள்ளம் இல்லாம தடம் கோணலா ஓடியிருந்தா, தண்டோ பெயாரிங் இருக்கையோ நேரில்ல. கிறீஸில தவிட்டுத் தூள் இருந்தா, தூசி உள்ள போகாம மூடுற சீல் பழுதா எண்டு பாருங்க. பாக்காம நாலாவதையும் வாங்காதீங்க, காசு உங்கட.

கொக்கட்டிச்சோலைக்காரன்:
பாத்தன் அண்ணன். எட்டுப் பள்ளம், எண்ணி வச்ச மாதிரி. வெளி வளையத்தில குழாய வச்சு அடிச்சது நான்தான். உள் வளையத்தின்ட அளவுக்கு வேற குழாய் வெட்டிட்டன். கடைக்காரரிட்ட நாளைக்குப் போறன்.