வண்டியில் ஏறினால் அதே பாட்டு: கிளாசிக் ராக் ரேடியோவில் உங்கள் அனுபவம் என்ன?

பழைய கன்சோல் எழுதியது:

ரொம்ப நாளாக எழுத நினைத்தது இது. 2009 முதல் ஆறு வருடம் அமெரிக்காவின் மிட்வெஸ்ட் பகுதியில் ஒரு சிறிய கிளாசிக் ராக் நிலையத்தில், அதாவது பெரும்பாலும் அறுபதுகளிலிருந்து எண்பதுகள் வரை வந்த ராக் பாட்டுகளைப் போடும் வானொலியில், வேலை பார்த்தேன். மறுநாள் எந்தப் பாட்டு எத்தனை மணிக்கு என்று கணினியில் அடுக்கிக் கொடுப்பது என் வேலை. நிலையத்தின் பெயர் வேண்டாம், இது அந்த ஒரு நிலையத்தின் கதை மட்டும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரவேற்பறையில் ஒருவர் வந்து நின்றார். பக்கத்துத் தெருவில் கார் ஷெட் வைத்திருப்பவர். காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கியதும் எங்கள் நிலையத்தைப் போடுவார், மாலை பூட்டும்போதுதான் அணைப்பார். கையில் ஒரு மஞ்சள் தாள், ஓரமெல்லாம் கிரீஸ் விரல் தடம். ஒரு பாட்டின் பெயரை எழுதி அதற்கு நேராக "செவ்வாய் 10.20, புதன் 11.15, வியாழன் 12.20, வெள்ளி 1.10" என்று குறித்திருந்தார். அதன் கீழே இன்னும் பதினோரு பாட்டு, எல்லாம் அதே மாதிரி.

தாளைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எங்களிடம் மொத்தம் 450 பாட்டு. மணிக்கு பன்னிரண்டு வீதம் ஒரு நாளைக்கு 288 பாட்டு ஓடும். அந்த 450-இல் மிகப் பிரபலமான நூறைத் தனியாக வைத்திருந்தோம், மணிக்கு நான்கு வீதம் அதிலிருந்து வரும். நூறை நான்கால் வகுத்துப் பாருங்கள், 25 மணி நேரம். அதாவது ஒவ்வொரு பாட்டும் தினமும் ஒரு மணி நேரம் மட்டும் தள்ளி, மறுபடி அவர் ஷெட்டுக்கே வந்து நிற்கும். வாரம் முழுக்க அவருக்கு அந்தப் பன்னிரண்டும் தப்பவே இல்லை. தினமும் அடுக்கிய என் கண்ணில் படாதது, கேட்டுக்கொண்டிருந்தவர் காதில் பட்டிருக்கிறது.

அவர் கோபமாகப் பேசவில்லை. "இந்த பேண்ட் எனக்கு உயிர். பத்து ஆல்பம் போட்டிருக்கிறார்கள். உங்களிடம் மூன்று பாட்டுதான் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விதான் இன்றுவரை எனக்கு முக்கியமாகப் படுகிறது. கிளாசிக் ராக் கேட்கிறவர்களுக்கு அந்த இசை சலிக்கவில்லை. அதிலிருந்து நாம் பொறுக்கி எடுத்து வைத்திருக்கும் கைப்பிடி சலித்துவிட்டது.

கைப்பிடி ஏன் அவ்வளவு சின்னது என்றும் சொல்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை ஹோட்டல் ஹாலில் எண்பது, நூறு பேரை உட்காரவைத்துப் பாட்டுச் சோதனை நடக்கும். எட்டு வினாடித் துணுக்கு ஒன்று போடுவார்கள், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் போட வேண்டும். இப்படி 600 துணுக்கு. தெரியாத பாட்டு எட்டு வினாடியில் யாருக்குப் பிடிக்கும்? தெரிந்ததுதான் ஜெயிக்கும், ஜெயித்ததுதான் ஒலிக்கும், ஒலித்ததுதான் அடுத்த வருடமும் தெரிந்திருக்கும். அந்தத் தாளில் "கேட்டுச் சலித்துவிட்டது" என்று ஒரு கட்டமும் உண்டு. நான் தாள்களைக் கூட்டிப் பார்த்தபோது, ஒரே ஆள் ஒரே பாட்டுக்கு ஐந்து மதிப்பெண்ணும் போட்டு, அந்தக் கட்டத்திலும் டிக் அடித்திருந்தது ஏகப்பட்டது. நிர்வாகத்துக்குப் போன அறிக்கையில் மதிப்பெண் வரிசை மட்டும்தான் இருந்தது.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. 2014 ஜூனில் ஃபைவ்தர்ட்டியெய்ட் என்ற அமெரிக்கச் செய்தித் தளம் 25 கிளாசிக் ராக் நிலையங்களை ஒரு வாரம் கவனித்தது. மொத்தம் 37,665 முறை பாட்டு ஒலித்திருந்தது, அதில் வெவ்வேறு பாட்டுகள் 2,230தான். ஏறக்குறைய பாதி ஒலிபரப்பை 25 கலைஞர்களே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? முதலில் அந்த நூறை 116 ஆக்கினேன். சுற்று 29 மணி நேரமானது, பாட்டு தினமும் ஐந்து மணி நேரம் தள்ளிப் போனது. ஒரு ரூபாய் செலவில்லை. அடுத்ததாக, சலித்த கட்டத்தில் அதிகம் டிக் வாங்கிய நாற்பது பாட்டுக்கு மூன்று மாதம் ஓய்வு கொடுத்தோம். அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம், தெரிந்த பேண்டின் தெரியாத பாட்டு, முன்னும் பின்னும் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு.

ஒரு வாரம் ஃப்ளீட்வுட் மேக் எடுத்தோம். ரேடியோ கேட்பவருக்கு அந்த பேண்ட் என்றால் 1977-இல் வந்த 'ரூமர்ஸ்' ஆல்பம்தான். ஆனால் அது 1967-இல் லண்டனில் பீட்டர் கிரீன் தொடங்கிய ப்ளூஸ் பேண்ட். சாண்டானா பேண்ட் 1970-இல் பாடி எல்லா நிலையமும் போடுகிற 'பிளாக் மேஜிக் உமன்' பீட்டர் கிரீன் எழுதியது, ஃப்ளீட்வுட் மேக் 1968-இலேயே வெளியிட்டது. எங்கள் அறிவிப்பாளர் இதை இருபது வினாடியில் சொல்லிவிட்டு, முதலில் 1968 பதிவு, உடனே சாண்டானா என்று போட்டார். சாண்டானா முடிவதற்குள் போன் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது.

உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். எந்த நிலையம் உங்களைப் பிடித்து வைத்தது, எது விரட்டியது?

401 லொறிக்காரன் எழுதியது:

வணக்கம் அண்ணை. நான் ரொறொன்ரோ. பதினெட்டு வருசமாக லொறி ஓடுகிறேன், கூடுதலாக 401 நெடுஞ்சாலையில்தான். வந்த புதிதில் இங்கிலீஷ் பாட்டு ஒன்றும் பழக்கமில்லை. எனக்கு முதல் அந்த லொறியை ஓடினவர் றேடியோவை கியூ107 என்ற ரொறொன்ரோ கிளாசிக் ராக் நிலையத்தில் விட்டிருந்தார், நானும் மாத்தவில்லை. இரவு ஓட்டத்தில் நித்திரை வராமல் வைத்திருந்தது அந்தப் பாட்டுகள்தான்.

இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. வர்த்தக வானொலி போடும் பொப் இசையில் நூற்றுக்கு 35 வீதம் கனடாப் பாட்டாக இருக்கவேணும். 1971-இல் 30 வீதமாகத் தொடங்கி 1999-இல் கூட்டினார்கள். அதனால் வெளியில் ஒருவருக்கும் தெரியாத பேண்டுகளும் இங்கே எங்களுக்கு வீட்டு ஆட்கள் மாதிரி. த ட்ராஜிக்கலி ஹிப்பை அப்படித்தான் அறிந்தேன். அவர்களுடைய பாட்டு ஒன்றில் 'பொப்கேஜன்' என்று வரும். நான் அதை ஒரு பெண்ணின் பெயர் என்று கனகாலம் நினைத்திருந்தேன். ஒருநாள் சாமான் இறக்கப் போகும் வழியில் வீதிப் பலகையில் அந்தப் பெயர். சின்ன ஊர். லொறியை ஓரம் கட்டிவிட்டு அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த நாட்டில் எனக்குத் தெரிந்த ஊர் ஒன்று பாட்டில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விசயம் என்று என்னைப்போல் வந்தவர்களுக்கு விளங்கும்.

2016 ஓகஸ்ட் 20, கிங்ஸ்டனில் அவர்களின் கடைசிக் கச்சேரி. பாடகர் கோர்ட் டவுனிக்கு மூளையில் புற்றுநோய். கனடாவின் பொது ஒலிபரப்பான சிபிசி நேரடியாகத் தந்தது. நான் 401 ஓரத்தில் லொறிகள் தரிக்கும் இடத்தில் நின்றேன். பக்கத்து லொறிகள் எல்லாம் கண்ணாடியை இறக்கி அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் பேசவில்லை.

அண்ணை சொன்னதோடு நான் இதைச் சேர்க்கிறேன். டிட்ரோயிட் பக்கம் போனால் பாடகர் பொப் சீகர் அவர்களுக்குச் சொந்தப் பிள்ளை. ஒவ்வொரு ஊருக்கும் அப்படி ஒருவர் இருப்பார். அவருடைய பத்துப் பாட்டைக் கூடப் போட்டால் சனம் விட்டுவிட்டுப் போகாது.

நியூஜெர்சி வாசகி எழுதியது:

நான் 2003-இல் இங்கு வந்தேன். நியூயார்க்கில் டபிள்யூசிபிஎஸ்-எஃப்எம் என்று பழைய பாட்டு நிலையம். 2005 ஜூன் 3 அன்று திடீரென்று ஜாக் எஃப்எம் ஆனது. வான்கூவரில் 2002-இல் ஆரம்பித்த பாணி அது: பாட்டுத் தொகுப்பு பெரியது, எந்தக் காலத்துப் பாட்டும் எதன் பின்னாலும் வரும், அறிவிப்பாளர் கிடையாது. தொகுப்பைப் பெரிதாக்கினால் போதும் என்றால் அது ஜெயித்திருக்க வேண்டும். என் ஆபீஸில் யாரும் "என்ன பாட்டு இது" என்று கேட்கவில்லை, "அந்தக் குரல்கள் எல்லாம் எங்கே போயின" என்றுதான் கேட்டார்கள். 2007 ஜூலை 12-இல் பழைய நிலையம் திரும்பி வந்தது. ஜாக் பாணி வேறு ஊர்களில் நன்றாகவே ஓடியது, அதையும் சொல்ல வேண்டும். நியூயார்க் கேட்டது பேசுகிற ஆளை.

என் இன்னொரு அனுபவம் நியூயார்க்கின் கிளாசிக் ராக் நிலையம் கியூ104.3. நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் சமயத்தில் கேட்பவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த 1,043 பாட்டைக் கடைசியிலிருந்து வரிசையாகப் போடுவார்கள். வீட்டில் சமையல் நடக்கும்போது அதுதான் ஓடும். எனக்கு முதல் பத்தில் ஆர்வமில்லை, 900-க்கும் 600-க்கும் நடுவில்தான் விருந்து. என் பெண் தாளில் எழுதிக்கொண்டே வருவாள், வருடம் முழுக்கக் கேட்காத பாட்டெல்லாம் அங்கே இருக்கும். அந்த நடு வரிசை கேட்பவர்களே எழுதிக் கொடுத்த பட்டியல். மற்ற ஊர் நிலையங்கள் காசு கொடுத்துச் சோதனை வைப்பதற்கு முன் இப்படி ஒரு ஓட்டு நடத்திப் பார்க்கலாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். என் பெண்ணின் தாளில் பெண் குரலுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடச் சொன்னேன். பக்கம் பக்கமாகத் தேட வேண்டியிருந்தது. ஹார்ட் பேண்டின் வில்சன் சகோதரிகள் எழுபதுகளிலேயே வந்தவர்கள், பிரிட்டெண்டர்ஸின் கிரிஸ்ஸி ஹைண்ட் 1980. அவர்களிடம் ஆல்பம் ஆல்பமாக இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், அலமாரியில் இருப்பதை எடுத்தால் போதும்.

விளம்பரப் பிரிவு எழுதியது:

எல்லோரும் பாட்டுப் பக்கமே பேசுகிறீர்கள். நான் பத்து வருடம் விளம்பரம் விற்றவன். முன்பு கேட்பவர்கள் எந்த நிலையத்தை எப்போது கேட்டோம் என்று டைரியில் எழுதிக் கொடுப்பார்கள். 2007-இல் பிலடெல்பியாவிலும் ஹூஸ்டனிலும் தொடங்கி, பெரிய ஊர்களில் இடுப்பில் மாட்டும் மீட்டர் வந்தது. யார் எந்த நிமிடத்தில் நிலையத்தை மாற்றினார்கள் என்று அது காட்டிவிடும். ஏழு நிமிடத் தெரியாத பாட்டு ஓடியபோது கோடு சரிந்ததை நானே பார்த்திருக்கிறேன். மறுநாள் அந்த அறிக்கையோடு முதலாளி முன்னால் நிற்பது யார்? ஆசைக்காகப் பாட்டுப் போட முடியாது. முன்னும் பின்னும் தெரிந்த பாட்டு வைப்பது என்று முதல் பதிவில் சொன்னது சரியான வழி, அதை மட்டும் நானும் ஒப்புக்கொள்கிறேன்.

லண்டன் அச்சகம் எழுதியது:

எங்கள் அச்சகத்தில் நாள் முழுக்க ரேடியோ ஓடும். ஆப்ஸலூட் ரேடியோ பகல் வேலை நேரத்தில் ஒரு பாட்டை இரண்டாம் முறை போடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்தது. பசங்கள் பந்தயம் கட்டிக் காத்திருப்பார்கள், ஒரு தடவையாவது மாட்டுவார்களா என்று. அந்தப் பந்தயத்துக்காகவே யாரும் நிலையத்தை மாற்றவில்லை.

பிளானட் ராக் நிலையமும் கேட்பேன். அதை மூடப் போவதாக 2008-இல் அறிவித்தபோது மிகவும் வருத்தப்பட்டேன், அதே வருடம் வேறு கை வாங்கிப் பிழைக்க வைத்தது. பழைய பேண்டுகளின் புதுப் பாட்டையும் அங்கே கேட்கலாம் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். ரோலிங் ஸ்டோன்ஸ் 2023-இல் 'ஹேக்னி டயமண்ட்ஸ்' கொண்டு வந்தார்கள், பதினெட்டு வருடத்துக்குப் பிறகு சொந்தப் பாட்டுகளோடு வந்த ஆல்பம். பாடகர் மிக் ஜாகர் எண்பது வயதை ஒட்டி அப்படிப் பாடியிருக்கிறார். அதைப் போடாமல் 1969-ஐயே போடும் நிலையம், அவரை உயிரோடு இருக்கும் கலைஞராகவே நினைக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பழைய கன்சோல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பொப்கேஜன் பலகையை இனி மறக்க மாட்டேன் தம்பி.

விளம்பரப் பிரிவு நண்பருக்கு: உங்கள் மீட்டர் சொல்வது உண்மை. ஆனால் விளம்பரம் கொடுப்பவர்கள் கேட்பது 25 முதல் 54 வயது வரை. 1975-இல் பதினைந்து வயதாக இருந்த பையன் 2015-இல் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டான். மிச்சிகனில் ஃப்ரெட் ஜேக்கப்ஸ் 1985-இல் கிளாசிக் ராக் என்று ஒரு நிலையத்தை நடத்திக் காட்டியபோது 1970-இன் பாட்டுக்கு வயது பதினைந்துதான். இன்று நிர்வாணாவும் பேர்ல் ஜாமும் 1991-இல் போட்ட ஆல்பங்களுக்கு முப்பதுக்கு மேல் ஆகிவிட்டது. அவர்களைச் சேர்ப்பதை எதிர்த்து என்னிடம் சண்டை போட்டவர்கள் உண்டு, நான் சேர்க்கும் பக்கம். ஆனால் அவர்களிடமிருந்தும் ஆளுக்கு இரண்டே பாட்டை எடுத்தால், பத்து வருடத்தில் இன்னொரு மஞ்சள் தாள் வந்துவிடும்.

அந்தத் தாளின் மிச்சக் கதையைச் சொல்லவில்லையே. வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி தொடங்கி ஆறாவது வாரம் ஷெட்காரர் திரும்ப வந்தார். மறுபடி ஒரு தாள். இந்த முறை நேரம் மட்டும் இருந்தது, 12.40. எதிரே பாட்டின் பெயருக்கு இடம் விட்டிருந்தார். "பேண்ட் யாரென்று தெரிகிறது, குரல் தெரிகிறது. இந்தப் பாட்டு மட்டும் தெரியவில்லை. உங்கள் ஆள் பெயர் சொல்லாமல் விளம்பரத்துக்குப் போய்விட்டார்" என்றார்.

பெயரையும் ஆல்பத்தையும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரத்திலிருந்து, தெரியாத பாட்டு முடிந்ததும் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் விளம்பரம் என்று கன்சோலுக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டினேன்.